மூன்று இரவுக்கு எத்தனை உடை

பயணத்திற்குப் பெட்டி அடுக்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, தம் தேவைகளைப் பற்றி ஒரு தீர்ப்பை எழுதுகின்றனர். எது இல்லாமல் வாழ இயலும், எது இல்லாமல் இயலாது என்று துறவிகளும் தருக்க நூலாரும் தலைமுறை தலைமுறையாக வாதிட்ட வினாவுக்கு, பூட்டும் சக்கரமும் வைத்த ஒரு பெட்டிக்குள் அவர்கள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைவான பயணங்களில் இந்த வினா தன் கூர்மையை இழந்துவிடுகிறது. அங்கே பழகாத குளிர் உண்டு, மொழி தெரியாத கடைத்தெரு உண்டு, திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்ற கவலை உண்டு. ஆகவே எவ்வளவு எடுத்துச் சென்றாலும் அதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். வீட்டுக்கு அருகிலுள்ள துறைமுகத்தில் கப்பல் ஏறி, இரண்டு மூன்று நாள் கடலில் மிதந்து, ஏறிய இடத்திலேயே இறங்கும் உல்லாசப் பயணத்தில் அந்த நியாயங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. பெட்டி மட்டும் சிறுப்பதில்லை. தூரம் குறைந்தும் சுமை ஏன் குறையவில்லை என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. உடைமை என்பது பொருளில் இருக்கிறதா, பொருளைப் பற்றியிருக்கும் மனத்தில் இருக்கிறதா என்ற பழைய தத்துவச் சிக்கல், இந்தச் சிறிய பயணத்தில் கலப்பில்லாமல் வெளிப்படுகிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதத்தில் புறப்படத் தொடங்கிய ‘எம்பிரஸ்’ என்னும் சொகுசுக் கப்பலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதன் தொடக்ககாலத் திட்டங்களுள் ஒன்று, வேறு எந்தக் கரையையும் தொடாமல் ஆழ்கடல்வரை சென்று சென்னைக்கே திரும்புவதாகும். 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. இத்தகைய கப்பல்களில் உணவும் படுக்கையும் துவாலையும் பயணச்சீட்டிலேயே அடங்கிவிடுகின்றன. உண்மையான தேவை எது என்று பகுத்துப் பார்த்தால், அடையாளச் சான்று, இலங்கை செல்வதாயின் கடவுச்சீட்டு, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, கடல் குமட்டலுக்குச் சில மாத்திரைகள், குளிரூட்டிய அரங்குகளில் போர்த்திக்கொள்ள ஒரு ஸ்வெட்டர், ஈரமான மேல்தளத்தில் வழுக்காத காலணி, நாளுக்கு ஒரு மாற்றுடை என்பதோடு பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிடும். பெரிய பெட்டிகளைப் பணியாளர்கள் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு சில மணி நேரம் கழித்து அறைவாசலில் சேர்ப்பது கப்பல்களின் வழக்கமாதலால், மருந்தும் சான்றிதழும் கைப்பையில் இருப்பது நல்லது என்பது மட்டுமே இதில் சொல்லத்தக்க நுட்பம். இவ்வளவையும் ஒரு தோள்பை தாங்கும். தோள்பைக்கு மேல் பெட்டியில் ஏறுபவை அனைத்தும் வேறு வகையைச் சேர்ந்தவை: இரவு விருந்துக்கு ஒன்று, மேல்தளத்தில் படமெடுத்துக்கொள்ள ஒன்று, அது நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒன்று, கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமற்போனால் கைகொடுக்கும் என்று ஊறுகாயும் பருப்புப் பொடியும்.

இந்த இரண்டாம் வகையைப் பற்றி மிக நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் சமணர்கள். அவர்களுடைய துறவியை அனைவரும் அறிவர். திகம்பர முனிவர் மயிற்பீலிக் கற்றை, நீர் வைக்கும் கமண்டலம், ஓதுவதற்கு நூல் என்பவற்றுக்கு மேல் எதையும் கொண்டு செல்வதில்லை. ஆனால் பெட்டி அடுக்குவோர்க்குப் பயன்படுவது முனிவரின் அறத்தைவிட இல்லறத்தாருக்குரிய அறமே. இல்லறத்தார் ஏற்கும் சிறு நோன்புகளுக்கு அணுவிரதம் என்று பெயர். அவற்றைக் காத்து வளர்ப்பவை குணவிரதம், பயிற்றுவிப்பவை சிட்சாவிரதம் எனப்படும். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டகம் இந்நோன்புகளை விரித்துரைக்கிறது. அதனை அடியொற்றித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. இவற்றுள் மூன்று நோன்புகள், கப்பலேறுவோர் ஒருவரை முன்னிறுத்தியே வகுக்கப்பட்டன போலத் தோன்றுகின்றன.

முதலாவது திக்கு விரதம். இல்லறத்தார் ஒருவர், எந்தத் திசையில் எதுவரை செல்வது என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக்கொள்வது அது. அந்த எல்லை எல்லாரும் அறிந்த அடையாளமாக இருக்க வேண்டும் என்று கூறும் சமந்தபத்திரர், கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு என்று அடுக்கும்போது கடலை முதலில் வைக்கிறார். இரண்டாவது தேசாவகாசிகம், முன்னர் வகுத்த பெரிய எல்லைக்குள்ளேயே, குறித்த காலத்திற்கு மட்டும், வீடு, தெரு, ஊர், வயல், ஆறு என இன்னும் சுருக்கிக்கொள்வது. மூன்றாவது போகோபபோக பரிமாணம். போகம் என்பது உணவைப் போல ஒரு முறை துய்த்ததும் தீர்ந்துவிடுவது, உபபோகம் என்பது ஆடையைப் போல மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது, பரிமாணம் என்பது அவற்றுக்கு இடும் அளவு. எவற்றுக்கெல்லாம் அளவிட வேண்டும் என்று அந்நூல் தரும் பட்டியலில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, மெய்ப்பூச்சு, மலர், வெற்றிலை, உடை, அணிகலன், காமம், இசை, பாட்டு ஆகியவை இடம்பெறுகின்றன. சொகுசுக் கப்பல் ஒன்றின் விளம்பரத் தாளை எழுதுவோர், வெற்றிலையை மட்டும் நீக்கிவிட்டு, இப்பட்டியலை அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம்.

தொலைவையும் துய்ப்பையும் இவ்வாறு ஒரே அறத்தின் இரு கூறுகளாக வைத்ததில் ஒரு கருத்து உட்கிடையாக இருக்கிறது. தொலைவைச் சுருக்கினால் துய்ப்பு தானே சுருங்கிவிடும் என்று சமணர் நம்பியிருந்தால் மூன்றாவது நோன்பு தேவைப்பட்டிராது. எல்லைக்கு வெளியே கிடக்கும் உலகத்தைப் பொறுத்தவரை, இல்லறத்தாரும் துறவியைப் போன்றவராகிவிடுகிறார் என்பது அவர்கள் கொள்கை. அங்கே அவர் எந்த உயிரையும் வருத்துவதில்லை, எதையும் கைக்கொள்வதில்லை. ஆனால் எல்லைக்கு உள்ளே, தம் வீட்டு வாசலிலேயே, அவருடைய விருப்பம் முழு வலிமையோடு இருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அருகில் செல்லும் கப்பலின் பயணி முதல் நோன்பை அறியாமலே காத்துவிடுகிறார். மூன்றாவதில்தான் அவருடைய பெட்டி சக்கரம் தேய உருள்கிறது.

நுட்பமான செய்தி இன்னொன்றும் உண்டு. நோன்பை நேராக முறிக்காமல் அதன் ஓரத்தைக் கரைக்கும் பிழைகளை அதிசாரம் என்பர். தேசாவகாசிக நோன்பின் அதிசாரங்களாகக் கூறப்படுபவை ஐந்து: எல்லைக்கு அப்பால் ஆளை அனுப்புதல், அப்பாலிருந்து பொருளை வரவழைத்தல், குரல் கொடுத்தல், தன் உருவத்தைக் காட்டிச் சைகை செய்தல், கல்லோ மண்ணாங்கட்டியோ எறிந்து அறிவித்தல். உடல் எல்லைக்குள் இருந்தாலும் விருப்பம் வெளியே போய் வேலை செய்துவிட்டு வந்தால் எல்லை எல்லையாகாது என்பது இதன் உட்பொருள். இன்று கப்பல் பயணத்திற்கென்று முதலில் எடுத்து வைக்கப்படுவது கைப்பேசியின் மின்னேற்றி என்பதையும், கரையின் அலைக்கற்றை அறுந்ததும் பயணிகள் இணைய வசதிக்குத் தனிக் கட்டணம் செலுத்தி அதை மீட்டுக்கொள்வதையும் நோக்கினால், ஆள் அனுப்புவது, வரவழைப்பது, குரல் கொடுப்பது, உருவம் காட்டுவது ஆகிய நான்கும் உள்ளங்கையளவு கருவி ஒன்றில் ஒடுங்கியிருப்பது புலனாகும். மண்ணாங்கட்டி எறிவது ஒன்றுதான் அதனால் இயலாதது. சமூக ஊடகங்களைப் பார்ப்போர் அதையும் மறுக்கக்கூடும்.

இனி மையமான சிக்கலுக்கு வரலாம். சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தை, அதாவது பற்றிக்கொள்ளும் உடைமையை, மூர்ச்சை என்ற ஒரே சொல்லால் வரையறுக்கிறது. தமிழில் மூர்ச்சை என்றால் நினைவு தப்பி விழுதல். சமணக் கலைச்சொல்லாக அது ‘என்னுடையது’ என்ற மயக்கத்தைக் குறிக்கும். இரு பொருளும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை என்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணர்வார்: பொருளின் மீது மயங்கி விழுந்தவருக்கு அப்பொருள் எதற்காக வந்தது என்ற நினைவு தப்பிவிடுகிறது. இவ்வரையறையை ஏற்றால், பெட்டியின் எடை உடைமையின் அளவாகாது. அவ்வாறாயின், ‘எனக்கு மூர்ச்சை இல்லை, ஆகவே பத்துப் பெட்டிகள் கொண்டுவருகிறேன்’ என்று ஒருவர் கூறினால் என்ன மறுமொழி? சமணத்தின் இரு பெரும் பிரிவுகளும் மோதிக்கொண்ட இடம் ஏறத்தாழ இதுவே. ஆடையை நோன்புக்குரிய கருவியாக, மயக்கமின்றி, உடுத்தினால் அது பரிக்கிரகம் ஆகாது என்றனர் சுவேதாம்பரர். மயக்கம் முற்றிலும் அற்றவர்க்கு ஆடை எதற்கு, உடுத்தியிருப்பதே மயக்கத்தின் எச்சத்தைக் காட்டுகிறதே என்றனர் திகம்பரர். ஒரே வரையறையிலிருந்து இருவரும் புறப்பட்டு, ஒருவர் வெண்ணாடையோடும் ஒருவர் திசையையே ஆடையாகக் கொண்டும் எதிரெதிர்க் கரைகளில் இறங்கினர். உல்லாசப் பயணியைப் பொறுத்தவரை திகம்பரரின் ஐயமே கூடுதல் பயனுடையது. பொருள் மயக்கம் ஆகாவிட்டாலும் மயக்கத்தின் தடயம் ஆகும். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அடுக்கியவருக்கு எங்கே நினைவு தப்பியது என்று கண்டுகொள்ளலாம்.

அவ்வாறு பிரித்துப் பார்க்கத் தக்க பெட்டி ஒன்றை வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது. 1888 செப்டம்பர் 4ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பாத மோகன்தாஸ் காந்தி பம்பாயில் கப்பலேறினார். கடல் கடந்து செல்லக் கூடாது என்று தடுத்த சாதிப் பெரியவர்கள் அவரை விலக்கி வைத்தனர். தாய் மட்டும், சமணத் துறவியான பேச்சர்ஜி சுவாமியின் முன்னிலையில் மதுவையும் மாதையும் ஊனையும் தொடுவதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு, விடை கொடுத்தார். கப்பலின் உணவில் எதில் ஊன் கலந்திருக்கிறது என்று கேட்கும் துணிவின்றி, தாம் கொண்டுசென்ற இனிப்புகளையும் பழங்களையுமே பெரும்பாலும் அறைக்குள் உண்டு காலம் கழித்ததைத் தம் வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். கப்பலில் கறுப்பு உடை உடுத்தியிருந்த அவர், கரையிறங்கும் வேளைக்கென்றே வெள்ளை ஃபிளானல் உடை ஒன்றைத் தனியே பாதுகாத்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் அதை உடுத்தி இறங்கியபோது, அந்த நிறத்தில் அங்கு நின்றவர் அவர் ஒருவரே; மற்ற உடைகளும் சாவிகளும் முகவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லாமற் போயிற்று. அந்தப் பெட்டியில் இருந்தவற்றுள் இனிப்பும் பழமும் உறுதியைக் காத்தன. ஃபிளானல் உடை முன்பின் அறியாதவரின் கண்ணுக்காகச் சுமக்கப்பட்டது, அந்தக் கண்ணிலேயே கூச்சமாக முடிந்தது. மூன்று உறுதிமொழிகளுக்கோ எடையே இல்லை. எனினும் அவருடன் சென்றவற்றுள் மிக நெடுங்காலம் உழைத்தவை அவைதாம்.

1931இல் வட்டமேசை மாநாட்டிற்காக ‘ராஜபுதானா’ கப்பலில் அதே மனிதர் சென்றபோது, உடன் வந்தோர் சுமந்துவந்த பெட்டிகளைக் கண்டு கடிந்துகொண்டார்; குளிர்நாட்டுக்கென்று அன்பர்கள் கொடுத்தவற்றை மறுக்க மனமின்றி ஏற்றுக்கொண்ட பெட்டிகள் பல ஏடன் துறையிலிருந்து இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. 1888க்கும் 1931க்கும் இடையில் குறைந்தது துணி மட்டுமன்று, கரையில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு அவர் அளித்திருந்த அதிகாரமும் ஆகும். ஆயினும் எளிமையும் ஒரு கட்டத்தில் உடுத்திக் காட்டும் உடையாகிவிடக்கூடும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஒரே பையோடு உலகம் சுற்றியதாகப் பறைசாற்றும் இக்காலப் பயணி, பையில் இல்லாதவற்றின் மீது மூர்ச்சையுற்றவராகவும் இருக்கலாம்.

வேறொரு பெட்டியும் உண்டு. அதனைப் பெட்டி என்பது பொருந்தாது. போதாயன தருமசூத்திரம் கடற்பயணத்தைச் சாதி இழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டன் செல்ல நேர்ந்த ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங், இந்தத் தடையை மீறாமல் மீறும் பொருட்டு, கங்கை நீரை மாபெரும் வெள்ளிக் கலங்களில் நிரப்பி உடன் எடுத்துச் சென்றார். கலம் ஒன்று 345 கிலோ எடை. 4,000 லிட்டருக்கும் மேல் கொள்ளும். ஜெய்ப்பூர் அரண்மனையில் அவற்றுள் இரண்டு இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. இதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது எளிது. அந்த ஒழுக்கத்தின் தருக்கத்திற்குள் நின்று பார்த்தால் அது முரணற்றது. நாட்டை விட்டு நீங்குவது குற்றமென்றால், நாட்டையே உடன் கொண்டுசெல்வது நீங்குதல் ஆகாது. பருப்புப் பொடிப் பொட்டலத்தை உடைகளுக்கு நடுவே செருகும் சென்னைப் பயணி, அளவில்தான் மன்னருக்குக் குறைந்தவர். வீட்டை விட்டு வெளியேறும் இன்பத்தை விலைகொடுத்து வாங்கிய அவரும், வீட்டை விட்டு வெளியேறிவிடாமல் இருக்கவே பெட்டியை நிரப்புகிறார்.

கப்பலின் விதி ஒன்று இந்த விருப்பத்தைச் சமயக் கோணத்தில் இடைமறிக்கிறது. நடுக்கடலில் தீயைப்போல் அஞ்சத்தக்கது வேறில்லை என்பதால், சொகுசுக் கப்பல்கள் மெழுகுவத்தியையும் ஊதுவத்தியையும் இஸ்திரிப் பெட்டியையும் அறைகளில் அனுமதிப்பதில்லை. அந்திதோறும் விளக்கேற்றாமல் இருந்தறியாத இல்லத்தார், சிறிய குத்துவிளக்கை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு வெளியே எடுக்க வேண்டிவரும். சைவ மரபு பூசையைப் புறப்பூசை, அகப்பூசை என்று பகுத்திருப்பது இங்கே கைகொடுக்கும். சென்னைக்கு அருகிலுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், கோயில் எடுக்கப் பொருள் தேடியும் கிட்டாமையால், கல்லும் சுதையும் தச்சரும் அனைத்தையும் மனத்தில் திரட்டி அங்கேயே கோயிலைக் கட்டி முடித்தார் என்பதும், காஞ்சியில் மன்னன் எடுத்த கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு இறைவன் அதற்கே எழுந்தருளினான் என்பதும் பெரியபுராணம் கூறும் வரலாறு. ஆனால் பூசலாரை மேற்கோள் காட்டிப் புறப்பொருள் எதுவும் வேண்டா என்று முடிவுகட்டுவது பிழை. அவர் பொருளைத் தேடிச் சலித்த பின்னரே மனத்துக்குள் திரும்பினார். அதிலும் நாளும் கோளும் பார்த்து, அடிக்கல் முதல் சிகரம்வரை ஒன்றையும் விடாமல், நெடுநாள் கட்டினார். விளக்கை வீட்டில் வைத்துவிட்டு வரும் பயணி, அந்தி வேளையில் அதே அளவு உழைப்பைச் செலுத்தினால்தான் அந்த இடம் நிரம்பும்.

காதற்ற ஊசியும் கடைசியில் உடன் வராது என்னும் பட்டினத்தார் கதையை இவ்விடத்தில் நினைவுகூர்வது தமிழ் வழக்கம். கடல் வணிகர் ஒருவரின் துறவு என்பதால் அது பொருத்தமானதுமாகும். எனினும் பௌத்தப் பிக்குவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களாகிய மூன்று சீவர ஆடைகள், திருவோடு, இடைக்கச்சை, சவரக் கத்தி, நீர் வடிகட்டி என்பவற்றோடு ஊசியும் ஒன்றாக இருக்கிறது. கிழிந்ததைத் தைத்து உடுத்துவோர்க்கு ஊசி வேண்டும். இறுதி வழிக்கு எதுவும் வராது என்ற உண்மை, நடுவழிக்கு எது வேண்டும் என்ற கேள்வியைத் தீர்த்துவிடாது. முதிய தாய்க்கு மாத்திரையும் குழந்தைக்கு மாற்றுத்துணியும் எடுத்து வைப்பவரிடம் நிலையாமையை உபதேசிப்பது தத்துவம் ஆகாது.

பிறருக்காகச் சுமக்கும் மிகுதியைப் பற்றி விநய நூல்கள், அதாவது பௌத்தத் துறவியர் ஒழுக்க விதிகள், ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. ஒரு பிக்குவிடம் ஒரு திருவோட்டுக்கு மேல் இருத்தலாகாது என்று விதி இருந்த காலத்தில், புத்தரின் சீடர் ஆனந்தருக்கு இன்னொன்று கிடைத்தது. அதை மற்றொரு சீடரான சாரிபுத்தருக்குக் கொடுக்க அவர் விரும்பினார். சாரிபுத்தரோ அப்போது தொலைவில் சாகேதத்தில் தங்கியிருந்தார். அவர் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று புத்தர் கேட்க, ஒன்பது அல்லது பத்து நாள் என்று ஆனந்தர் கூற, மிகையான திருவோட்டைப் பத்து நாள்வரை வைத்திருக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. மிகை ஆடைக்கும் இவ்வாறே பத்து நாள் கெடு உண்டு. விதியின் எண், தேவை பற்றிய பொதுக் கணக்கிலிருந்து பிறக்கவில்லை. ஒரு நண்பர் வந்து சேரும் நாளிலிருந்து பிறந்தது.

மூன்று இரவுக் கப்பல் பயணம் அந்தப் பத்து நாளுக்குள் தாராளமாக அடங்கிவிடும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி வீடு சேர்ந்த பிறகு, துவைக்க வேண்டியவை முதல் நாளே வெளியே எடுக்கப்படுகின்றன. மடிப்புக் கலையாத விருந்து உடையும், பிரிக்கப்படாத பருப்புப் பொடியும், நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துச் சென்று நனையாமலே திரும்பியதும் பெட்டியிலேயே கிடக்கின்றன. பதினொன்றாம் நாளும் அவை அங்கேயே இருக்குமானால், எந்தச் சாரிபுத்தருக்காக அவை காத்திருக்கின்றன என்று விநயம் கேட்கும்.